தம்பி தங்கியிருந்த குடிநோய் சிகிச்சை மையம்: 5க்கு 2

தம்பி இறந்தபோது வயது 43. கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, கடைசியில் ரத்த வாந்தி. அதற்கு முந்தைய வருடம் அவன் தங்கியிருந்த மையத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

முதல் வாரம் குறையே இல்லை. வருடக்கணக்காகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 2, 3 நாளில் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிரே போகலாம். அதனால் இரவெல்லாம் பக்கத்திலேயே நர்ஸ் இருந்தார். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்கள். அந்தச் சத்து குறைந்தால் மூளை பாதிக்கும் என்று விளக்கியும் சொன்னார்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்து குடியைத் தடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரை கேட்டேன். கல்லீரல் இந்த நிலையில் இருக்கும்போது கூடாது என்று டாக்டர் மறுத்துவிட்டார். அந்த நேர்மைக்குத் தனி மதிப்பெண்.

அப்புறம்தான் சொதப்பல். மருந்துச்சீட்டைக் கொடுத்து அனுப்பியதோடு சரி. ஒரு போன் கிடையாது, அடுத்து எப்போது வரவேண்டும் என்ற தேதியும் கிடையாது. மறுபடி குடிக்கத் தொடங்குவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தம்பியும் அப்போதுதான் சறுக்கினான். நான் கூப்பிட்டுச் சொன்னதற்கு, "திரும்பக் கொண்டுவந்து சேருங்கள்" என்றார்கள். பாக்கிப் பணம் விஷயத்தில் மட்டும் அபார ஞாபகசக்தி!

யாரையாவது சேர்ப்பதாக இருந்தால், வீட்டுக்கு அனுப்பிய பிறகு யார் தொடர்புகொள்வார்கள், எத்தனை மாதம் என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.