மோஷன் கேப்சர் சென்சார் செட்: 2 வருஷம் கழித்து

"விலை இறங்கியிருக்கே, வாங்கலாமா?" என்று மயிலாடுதுறை நண்பன் கேட்டான். சர்வீசுக்குப் போன தொடைச் சென்சார் 40 நாள் கழித்து, பில்லோடு திரும்பி வந்த நாள் அது. "வாங்காதே" என்று சொல்லிவிட்டேன். கோபம் ஆறிய பிறகு எழுதுகிறேன்.

என்னுடையது 17 சென்சார் செட்; உடம்பில் கட்டிக்கொண்டு ஆடினால், அந்த அசைவு கணினித் திரையில் ஒரு பொம்மையாக ஆடும். கும்பகோணத்தில் அத்தை மகள் நடத்தும் நாட்டியப் பள்ளிக்காக அடவுகளை, அதாவது நாட்டியத்தின் அடிப்படை அசைவுகளை, பதிவு செய்கிறேன்.

சென்சாரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கை வீச்சு, கழுத்து அசைவு எல்லாம் அப்படியே வருகிறது. குதித்து மெட்டடவில் மட்டும் பாதம் தரையைத் தொட்டதா இல்லையா என்று மென்பொருள் குழம்பும்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சென்சாரை உடம்பில் கட்டும் வெல்க்ரோ பட்டை. முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்தால் தொடை புடைக்கும், எழுந்தால் இளகும். கூடவே சித்திரை மாதத்து வியர்வை. நாலு அடவு முடிவதற்குள் பட்டை முழங்காலுக்கு வந்துவிடும், திரையில் பெண்ணின் கால் திருகிக்கொண்டு நிற்கும். மறுபடி கையைத் தொங்கவிட்டு நேராக நின்று, சென்சார்களுக்குத் தொடக்க நிலையைச் சொல்லிக்கொடுக்கும் கேலிப்ரேஷன். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் முழுக்கப் புடவை நூலும் தலைமுடியும். ஊசியால் நெம்பி எடுத்தாலும் பழைய பிடிப்பு வராது. ஒருநாள் தட்டடவு நடுவில் சென்சாரே கழன்று தரையில் விழுந்து சார்ஜ் ஏறும் முனை உடைந்தது. கம்பெனியில் கேட்டால் "உலர்ந்த துணியால் துடையுங்கள்" என்கிறார்கள். அவர்கள் ஊரில் யாருக்கும் வியர்க்காது போல.

கடைசியில் வழி சொன்னவர் பள்ளிக்குச் சலங்கை தைத்துத் தருபவர். தோல் பட்டை, உள்பக்கம் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு. பக்கிள் மட்டும் பித்தளையில் போடச் சொன்னேன். "இரும்பு மலிவாச்சே தம்பி?" என்றார். சென்சாருக்குள் காந்தமானி இருக்கிறது. சுழற்சியை அளக்கும் ஜைரோ கொஞ்சம் கொஞ்சமாகத் திசை தவறும்போது வடக்கைக் காட்டித் திருத்துவது அதுதான். பக்கத்தில் இரும்பு இருந்தால் அதுவே ஏமாந்துவிடும். பட்டை இப்போது நகர்வதில்லை.

இதே காரணத்தால்தான் எதிர்பாராத ஒரு சந்தோஷமும் கிடைத்தது. பள்ளி மாடியில் கான்கிரீட் தளம், உள்ளே முழுக்கக் கம்பி. நேராக நின்றாலும் பொம்மை மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பும். போன வருஷம் மெலட்டூரில் உறவினரின் பழைய வீட்டுக் கூடத்தில் பதிவு வைத்தோம். செங்கல் சுண்ணாம்புத் தரை, மரத்தூண். அரை மணி நேரம் பொம்மை ஒரு இம்மி திரும்பவில்லை! பாகவத மேளா நாட்டிய நாடகம் நடக்கும் ஊர் ஆயிற்றே என்றாள் அத்தை மகள். தரையில் கம்பி இல்லையே என்றேன் நான்.

இவ்வளவும் கேட்டுவிட்டு நண்பன், "அப்போ வாங்கலாம்தானே?" என்றான். வாங்காதே என்றேன் மறுபடியும். பட்டை தைக்கவும் சர்வீசுக்கு அலையவும் அவனுக்குப் பொறுமை கிடையாது. "சரி, உன்னோடதைப் பாதி விலைக்குக் கொடு."

எப்படிக் கொடுப்பது? சனிக்கிழமை மெலட்டூரில் பதிவு இருக்கிறது.