வடக்கே சந்தைக்குப் போகும் கைவினை வியாபாரிகளே, சரக்கோடு வேனை இரவில் எங்கும் விடாதீர்கள்

தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும் கைவினை வியாபாரிகள், அதிலும் எங்களைப் போல் வேனையே கிடங்காக வைத்திருப்பவர்கள், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். தீபாவளிச் சந்தைக்குப் போகும் வழியில், பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள பிறை என்ற ஊரில் ஒரு தங்கும் விடுதியின் நிறுத்துமிடத்திலிருந்து எங்கள் வேன் முழுச் சரக்கோடு களவு போனது. களவு ஓர் இரவில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு விடுதியும், காப்புறுதிக்காரர்களும், முகம் தெரியாத ஒரு மோசடிக்காரனும் எங்களை அலைக்கழித்தது மாதக்கணக்கில் நீண்டது. விடுதியின் பெயரை எழுதவில்லை, மனு இன்னும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் இருக்கிறது.

வேனில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். கோலசிலாங்கூர் பக்கத்துக் குயவர்களிடம் வாங்கி, செந்தூல் வீட்டில் நாங்களே வண்ணம் தீட்டிய அகல் விளக்குகள் பெட்டி பெட்டியாக இருந்தன. மரத்தில் செதுக்கிய கோல அச்சுகள், துணித் தோரணங்கள், பட்டு நூல் சுற்றிய வளையல்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆரி வேலை செய்த ரவிக்கைகள். அவற்றில் பாதி, பினாங்கு வாடிக்கையாளர்கள் முன்பணம் கொடுத்துத் தைக்கச் சொன்னவை. ஒரு கல்யாண ரவிக்கையின் கையில் மயில் எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். என் நாத்தனார் கண் வலிக்க வலிக்க ஆரிச் சட்டகத்தின் முன் உட்கார்ந்து எடுத்தது அது. இவற்றோடு மேசைகள், கூடாரம், சிறிய ஜெனரேட்டர், விளக்குச் சரங்கள், கார்டு வாங்கும் கருவி. மொத்தமாக 30,000 ரிங்கிட்டுக்கு மேல். தீபாவளி வியாபாரத்தை நம்பித்தான் எங்களைப் போன்றவர்கள் ஆண்டின் மற்ற மாதங்களை ஓட்டுகிறோம் என்பதை வியாபாரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சந்தையில் கடைத் தளம் பிரித்துக் கொடுப்பது காலையில். அதனால் முதல் நாள் மாலையே கிளம்பி, பாலம் ஏறுவதற்கு முன் பெருநிலத்தில் தங்கிவிட்டு, விடிந்ததும் தீவுக்குப் போவதுதான் பல வியாபாரிகளின் வழக்கம். பண்டிகைக் காலத்தில் ஜார்ஜ்டவுனில் அறை வாடகை ஏறிவிடும், பெரிய வேனை நிறுத்தவும் இடம் கிடைக்காது.

அறை எடுப்பதற்கு முன்பே அந்த விடுதிக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன்: சரக்கு வேன் கொண்டுவருகிறோம், இரவில் பாதுகாப்பு உண்டா? கதவு போட்ட நிறுத்துமிடம், 24 மணி நேரமும் கேமரா, காவலாளி உண்டு என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நம்பித்தான் முன்பணம் கட்டினோம். வந்து சேர்ந்ததும் என் கணவர் ஸ்டியரிங் பூட்டையும் போட்டு, சுவரை ஒட்டி, கேமராவுக்கு நேராக வேனை நிறுத்தினார். விடியற்காலையில் இறங்கிப் பார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. கீழே ஒரு கண்ணாடித் துண்டுகூட இல்லை.

அதன் பிறகு விடுதிக்காரர்கள் நடந்துகொண்ட விதத்தை நான் மறக்க மாட்டேன். இரவில் கதவு மூடப்படவே இல்லை. அதன் மோட்டார் பழுதாகி நெடுநாளாயிற்று என்று கவுண்டரில் இருந்த தமிழ்ப் பையன் மெதுவாகச் சொன்னான். காவலாளி ஒருவர்தான், அவரையும் முன்வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். கேமராப் பதிவைக் கேட்டால் மேலாளர் முதலில் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்றார். பிறகு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கொடுக்க முடியாது என்றார். புலனாய்வு அதிகாரி வந்து கேட்டதும், கேமரா திரையில் காட்டுமே தவிர அந்தப் பக்கத்துப் பதிவு சேமிப்பில் இல்லை என்றார். மூன்று பதில்களையும் ஒரே மனிதர் ஒரே முகத்தோடு சொன்னார். 2010-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் குற்றத்தைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் தேவையான தகவலுக்கு விலக்கு அளிக்கிறது. சட்டத்தைக் காட்டி யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் போலீஸ் அதிகாரி மூலமாகக் கேளுங்கள், அதுவும் அன்றைக்கே கேளுங்கள். பல கருவிகள் பழைய பதிவைத் தானாகவே அழித்து அதன்மேல் புதியதை எழுதிவிடும். நாள் கடத்துவது அவர்களுக்குத்தான் லாபம்.

கடைசியில் மேலாளர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றன, நிர்வாகம் பொறுப்பேற்காது. நாட்டில் எந்த நிறுத்துமிடத்துக்குப் போனாலும் இதே வாசகம்தான், அதைப் பார்த்தவுடன் நம்மில் பெரும்பாலோர் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். தயவுசெய்து அப்படித் திரும்பாதீர்கள். பலகை மாட்டிவிட்டால் எல்லாப் பொறுப்பும் போய்விடும் என்று சட்டம் சொல்லவில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றிய பகுதி 2010-இல் சேர்க்கப்பட்டது. சேவையைப் பற்றித் தவறான தகவல் கொடுத்து வாடிக்கையாளரை இழுப்பதும் அதே சட்டத்தில் குற்றம். கதவும் கேமராவும் காவலாளியும் உண்டு என்று எழுத்தில் சொன்னார்கள், பழுதான கதவையும் பதிவாகாத கேமராவையும் வைத்திருந்தார்கள். அந்த வாட்ஸ்அப் பதிலை முதல் வேலையாகப் படம் பிடித்து வைத்தோம். இன்று எங்கள் மனுவுக்கு அதுதான் முதுகெலும்பு.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அறைக்குக் காசு கொடுத்த வாடிக்கையாளர்கள் என்ற முறையில் மனுச் செய்திருக்கிறோம். முடிவு எப்படி வந்தாலும், அந்த மேலாளர் ஒரு நாள் அங்கே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்பதே எனக்குப் பெரிது. மனு எழுதத் தெரியவில்லை என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடம் ஆலோசனை கேளுங்கள்.

போலீஸ் பக்கம் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், அருகில் இருப்பதில் உடனே கொடுங்கள். எங்களுக்கு உதவியது ஒரு சிறிய விஷயம். சுங்கக் கட்டணம் தானாகக் கழிய வேனில் ஒட்டியிருந்த டச் அண்ட் கோ ஆர்எஃப்ஐடி வில்லையின் கணக்கைக் கணவர் கைப்பேசியில் திறந்து பார்த்தார். விடியற்காலையில் ஒரு சுங்கச்சாவடிக் கட்டணம் கழிந்திருந்தது. எந்தச் சாவடி, எத்தனை மணி என்பது அதிலேயே இருந்தது. அதிகாரி அதை உடனே குறித்துக்கொண்டார். கோபத்தில் அந்தக் கணக்கை முடக்கிவிடாமல் முதலில் அதைப் பாருங்கள்.

இனி காப்புறுதி. நம் வியாபாரிகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்று அதன் பிறகு பேசிப் பார்த்ததில் புரிந்துகொண்டேன். வேனுக்கு எடுக்கும் முழுக் காப்புறுதி வேனுக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் சரக்குக்கு அதில் ஒரு காசு கிடையாது. சரக்குக்குத் தனியாகப் பயணச் சரக்குக் காப்புறுதி இருக்கிறது. எங்கள் முகவரிடம் அதையும் கேட்டு, பணமும் கட்டி, எடுத்து வைத்திருந்தோம். ஆனால் கோரிக்கை வைத்தபோது, இரவில் ஆளில்லாமல் நின்ற வாகனத்தில் நடந்த களவுக்கு இழப்பீடு இல்லை என்ற விதியைக் காட்டினார்கள். பூட்டிய, காவல் உள்ள இடத்தில் நின்றிருந்தால் மட்டும் இழப்பீடு உண்டாம். அந்த இடம் காவல் உள்ளதா இல்லையா என்று விடுதியைக் கேட்டால், ஆமாம் என்றால் தங்கள் பொறுப்பாகிவிடுமே என்று வாய் திறக்க மறுக்கிறார்கள். முகவர், பணம் வாங்கும்போது இந்த விதியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சந்தை சந்தையாகப் போகிறவர்கள், வழியில் தங்குகிறவர்கள் என்று தெரிந்தே விற்றவர் அவர். நீங்கள் கையெழுத்துப் போடும் முன் இரவு நேரத்தைப் பற்றிய விதியைக் காட்டச் சொல்லி, அதற்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். மறுக்கப்பட்ட கோரிக்கையை நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவைக்குக் கொண்டுபோகலாம். முன்பிருந்த நிதிச் சேவைகள் குறைதீர்ப்பு அமைப்புதான் 2025 தொடக்கத்திலிருந்து இந்தப் புதிய பெயரில் இயங்குகிறது. நாங்களும் அங்கே எழுதியிருக்கிறோம்.

எல்லாவற்றிலும் என்னை அதிகமாகக் கொதிக்க வைத்தது அடுத்து நடந்ததுதான். வேன் காணவில்லை என்று படத்தோடு பகிர்ந்தோம், நல்ல மனிதர்கள் நூற்றுக்கணக்கில் அதைப் பரப்பினார்கள். மறுநாள் ஓர் அழைப்பு. தமிழில் பேசினான், மரியாதையாக "அக்கா" என்றான். வேன் பாடாங் பெசார் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் நிற்கிறதாம். இன்றிரவே தாய்லாந்துக்குப் போய்விடுமாம். 3,000 ரிங்கிட் அனுப்பினால் தடுத்து வைப்பானாம், போலீசுக்குச் சொன்னால் உடைத்துவிடுவார்களாம். ஒரு படமும் அனுப்பினான். நாங்கள் போட்ட படத்தையே இருட்டாக்கி அனுப்பியிருந்தான். கணவர் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: முன் கண்ணாடியில் என்ன தொங்குகிறது? அது எந்தப் படத்திலும் தெரியாது. அவன் முருகன் படம் என்றான், பிறகு மாலை என்றான், பிறகு இணைப்பைத் துண்டித்தான்.

வாழ்க்கையே பறிபோன நிலையில் இருப்பவர்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் பறிப்பதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். வண்டி காணவில்லை என்று அறிவிக்கும்போது உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஓர் அடையாளத்தைக் கட்டாயம் மறைத்து வையுங்கள். பணம் அனுப்பச் சொல்லி வங்கிக் கணக்கு எண் கொடுத்தால், போலீசின் செமாக் மியூல் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். எங்களுக்கு வந்த எண்ணின் மேல் ஏற்கெனவே புகார்கள் இருந்தன. யாராவது பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். நேரம் போகப் போகப் பணம் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

சந்தை ஏற்பாட்டாளர் தள வாடகையைத் திருப்பித் தரவில்லை, அது ஒப்பந்தத்தில் இருந்தது. பக்கத்துத் தளத்தில் மாலை கட்டி விற்கும் ஓர் அக்கா மட்டும், தன் மேசையில் பாதியை எனக்கு ஒதுக்கிக் கொடுத்து, வாடிக்கையாளர்கள் வந்தால் நேரில் சொல்லிவிடு தங்கச்சி என்றார். வந்தவர்களிடம் ஒவ்வொருவராக நிலைமையைச் சொன்னேன். இருவரைத் தவிர யாரும் முன்பணத்தைக் கேட்கவில்லை. கேட்டவர்களும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கேட்டார்கள். உடனே கொடுத்துவிட்டோம்.

வேன் கிடைத்தது. கூலிம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து மண்பாதையில், சக்கரங்களும் பேட்டரியும் இல்லாமல். ஜெனரேட்டர், கூடாரம், விளக்குச் சரங்கள், கார்டு கருவி, ரவிக்கைகள், வளையல்கள் எல்லாம் போயிருந்தன. அகல் விளக்குகளை மட்டும் வெளியே கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இழப்பீடு வழங்கும் முன் வண்டி கிடைத்துவிட்டதால் அது முழு இழப்பு ஆகாது, பழுதுபார்க்கும் செலவுதான் என்கிறது வாகனக் காப்புறுதி. பட்டறையில் இன்னும் நிற்கிறது.

இப்போது வேறு வேன் வாடகைக்கு எடுத்துத்தான் சந்தைகளுக்குப் போகிறோம். ரவிக்கைகளும் கார்டு கருவியும் இரவில் அறைக்குள் வந்துவிடும், அறை மேல்மாடியில் இருந்தாலும் சரி. பெட்டிகளை ஏற்றும்போதே ஒவ்வொன்றையும் திறந்த நிலையில் படம் எடுத்து, உள்ளே இருப்பதைக் கணக்கு எழுதி வைக்கிறோம். போலீசிலும் காப்புறுதியிலும் முதலில் கேட்பது சரக்குப் பட்டியலையும் வாங்கிய ரசீதுகளையும்தான். கையால் செய்த பொருளுக்கு ரசீது ஏது? அதனால் நூல், துணி, கல் வாங்கிய கடை ரசீதுகளையும், தைத்துக்கொண்டிருக்கும்போதே எடுத்த படங்களையும் சேர்த்து வையுங்கள். முடிந்தால் பெருநிலத்தில் வெறும் கையோடு தங்கி, சரக்கை முன்கூட்டியே தீவில் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இறக்கிவிடுங்கள். இரண்டு வியாபாரிகள் சேர்ந்து போனால் ஒருவர் வேனில் தூங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். கள்வர்கள் ஆயுதத்தோடு வந்தால் என்ன செய்வது? ஒரு வேனுக்காக யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

கடைசியாக, தைப்பூசம் வரப்போகிறது, பினாங்கிலும் கெடாவிலும் பழைய துணி விற்கும் இடங்களிலும் இணையத்திலும் எங்கள் ரவிக்கைகள் வரலாம். எல்லா ரவிக்கைகளின் கழுத்து உட்புறத்திலும் சிவப்பு நூலில் ஒரு சிறிய அகல் விளக்கு தைத்திருக்கும். அதைப் பார்த்தால் விலை மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள், களவுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவின்படி குற்றம். விற்பவரோடு சண்டை போடவும் வேண்டாம். ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருகில் உள்ள போலீஸ் நிலையத்தில் சொல்லுங்கள். பிறை புகாரோடு அதை இணைத்துக்கொள்வார்கள்.