மாரி மழையில் தவளைக் கார்: 1990 எம்.ஆர்.2 உடன் நாலு மாரி

முதலில் நனைவது வலது தொடை. கிளிநொச்சியில் தூறத் தொடங்கினால், பரந்தன் சந்தி வருவதற்குள் கூரைக் கண்ணாடியின் ரப்பர் மூலையில் ஒரு துளி திரண்டுவிடும். ஒரே வேகத்தில் போனால் அது தொடையில் விழும். பிறேக் போட்டால் முழங்காலில். அக்சிலேற்றரை அழுத்தினால் வயிற்றில். முப்பது வருடத்துக்கு மேலாக வெயிலில் காய்ந்த ரப்பர், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் காரை வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. எல்லோரும் "என்ன ஸ்பீட் போகும்?" என்றுதான் கேட்கிறார்கள்.

கார், 1990ஆம் ஆண்டு டொயோட்டா எம்.ஆர்.2. இரண்டே இரண்டு சீற். எஞ்சின் முன்னாலும் இல்லை, டிக்கியிலும் இல்லை. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின்சில்லுகளுக்குச் சற்று முன்னால், குறுக்காக இருக்கிறது. இந்த அமைப்போடு யப்பானில் பெருமளவில் செய்து விற்ற முதல் கார் 1984இல் வந்த பழைய எம்.ஆர்.2தான். என்னுடையது 1989இல் வந்த இரண்டாம் வடிவம். இரண்டு லீற்றர் எஞ்சின், டேர்போ இல்லை, 165 குதிரை வலு, ஐந்து கியர், கழற்றக்கூடிய இரண்டு கூரைக் கண்ணாடிகள். தூரத்தில் பார்ப்பவர்கள் ஃபெராரி என்பார்கள். கிட்ட வந்து பெயரைப் பார்த்ததும் "சரி, பாட்ஸ் எடுக்கலாம்" என்று நிம்மதி அடைவார்கள். லைற்றைப் போட்டால் போனற்றிலிருந்து இரண்டு கண்கள் எழும்பி வருவதால் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் வைத்த பெயர் தவளைக் கார்.

நான் வாகன வயறிங் வேலை செய்கிறவன். 2021இல் நீர்கொழும்புப் பக்கம் ஒரு கொட்டகையில் பொலித்தீன் போர்த்திக் கிடந்ததை வாங்கினேன். வாங்கி ஒரு வருடம் ஆவதற்குள் பெற்றோல் தட்டுப்பாடு. கியூ.ஆர். அட்டைக்கு வாரம் 20 லீற்றர் என்ற காலத்தில் இது மறுபடியும் பொலித்தீனுக்குள் போனது. ஆக, இதை உண்மையில் ஓட்டிப் பழகியது அதற்குப் பிறகு வந்த மாரிகளில்தான். வன்னியில் மழை என்றால் வருடம் முழுக்கத் தூறும் மழை அல்ல. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கொட்டும்போது வைப்பரை முழு வேகத்தில் விட்டாலும் முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு லைற் மட்டும்தான் தெரியும்.

போன வருடம் கார்த்திகையில் வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போய், பின்னேரம் திரும்பிக் கொண்டிருந்தேன். ஓமந்தை தாண்டும்போதே இருட்டு. புளியங்குளத்தில் மழை பிடித்தது. மாங்குளத்தில் ஒரு பிளேன்ரீ குடித்து, மழை விடாது என்று தெரிந்து, மறுபடி ஏறினேன். கொக்காவில் வருவதற்கு முன் இடப்பக்கமாக ஒரு வளைவு. பெரிய வளைவு என்று சொல்ல முடியாது, மற்ற நாளில் யாரும் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். அறுபத்தைந்தில் போயிருப்பேன். வீதியின் என் பக்கத்தில் ஒரு மாடு படுத்திருந்தது.

மழைக்கு ஏன் மாடுகள் இந்த ஏ9 வீதியில், யாழ்ப்பாணம் போகும் பெருந்தெருவில், வந்து படுக்கின்றன என்று தெரியாதவர்களுக்கு: காடும் வயலும் சதசதவென்று கிடக்கும்போது காப்பற் வீதிதான் மேடு, அதுதான் சூடு.

மாட்டைக் கண்டதும் வலது கால் தானாக மேலே வந்தது, அடுத்த கணம் பிறேக்கில் இறங்கியது. நான் யோசித்துச் செய்யவில்லை. காரின் பின்பக்கம் வலப்புறமாக என்னை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. ஸ்ரியறிங்கை மறுபக்கம் திருப்பினேன், பிந்திவிட்டது. கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரத்தின் சிவப்பு வெளிச்சம் முதலில் முன்கண்ணாடியில் இருந்தது, பிறகு பக்கக் கண்ணாடியில், கடைசியில் பின்பார்க்கும் கண்ணாடிக்குள். கார் எதிர்ப்பக்கக் கிறவல் ஓரத்தில், மாங்குளத்தைப் பார்த்தபடி நின்றது. எதிரே ஒரு வாகனமும் வராதது என் கெட்டித்தனம் அல்ல. மாடு எழும்பவே இல்லை.

கொஞ்சத்தில் ஒரு லொறி வந்து நின்றது. சாரதி எழுபதைத் தொட்டவர். ரோச்சை அடித்துச் சில்லுகளைச் சுற்றிப் பார்த்தார். பிறகு எஞ்சின் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது காலை எடுத்தாச் சுத்துற சாமான். நான் ஒரு காலத்தில டொக்ரர் ஒராளுக்கு ஃபொக்ஸ்வாகன் ஓடினனான். அதுவும் இப்பிடித்தான். மழைக்கு வளைவுக்குள்ள பயந்தியோ, முடிஞ்சுது."

"மாடு நிண்டா என்னண்ணை செய்யிறது?"

"வளைவுக்கு முன்னம் பயப்பிடு."

இந்தக் காரைப் பற்றி இணையத்தில் எத்தனையோ பக்கம் வாசித்திருக்கிறேன். எதுவும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை. பாரத்தில் ஏறத்தாழ 100க்கு 58 பங்கு பின்சில்லுகளில் நிற்கிறது. வளைவின் நடுவில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாய்ந்து பின்ரயர்கள் இலேசாகும். எஞ்சின் நடுவில் இருப்பதால் கார் பம்பரம்போல விரைவாகத் திரும்பும். காய்ந்த வீதியில் அதுதான் இதன் சுகம், நனைந்த வீதியில் அதுதான் வில்லங்கம். பின்கரியரில் நெல்லு மூட்டையோடு சைக்கிளில் போய், சேற்று வளைவில் முன்பிறேக்கைப் பிடித்த எவனுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

வன்னியில் ஓடப் பழகிய கால் எதைக் கண்டாலும் முதலில் மேலேதான் வரும். மாடு, மயில், நாய், லைற் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி, ஒட்டுசுட்டான் பக்கம் போனால் யானை. இருபது வருடமாக என் உயிரைக் காப்பாற்றிய பழக்கம் அது. இந்தக் கார் அந்தப் பழக்கத்துக்குத்தான் தண்டனை தருகிறது. பழக்கத்தை மாற்றலாம் என்று நானும் முயன்று பார்த்தேன், முடியவில்லை. அதனால் வேகத்தை மாற்றிவிட்டேன். மாரி இரவில் 45க்கு மேல் போவதில்லை. வளைவுக்கு வெகு முன்னரே, கார் நேராக நிற்கும்போதே பிறேக்கை முடித்துவிட்டு, ஒரே அளவாகக் காலை வைத்தபடி வளைகிறேன். ஓட்டோக்காரர் முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

1992க்குப் பிறகு வந்தவற்றில் பின்சஸ்பென்சனைத் திருத்தி, 14 அங்குலச் சில்லை 15 ஆக்கியிருக்கிறார்கள். வாங்க நினைப்பவர்கள் அதையே தேடுங்கள். 14 அங்குலத்துக்கு நல்ல ரயர் எடுப்பது பெரும்பாடு.

ரயர் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைய சுழற்சியில் பாதி அதனுடையது. கார் வாங்கிய கையோடு ஒரு கடையில் நாலு புது ரயர் போட்டேன். ரப்பர் மயிர் கூட உதிராத புது ரயர். கொக்காவில் சம்பவத்துக்கு அடுத்த நாள்தான் குந்தியிருந்து பக்கத்தில் அடித்திருந்த இலக்கத்தைப் பார்த்தேன்: 2314. கடைசி நாலு இலக்கத்தில் முதல் இரண்டு கிழமை, மற்ற இரண்டு வருடம். 2014ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்த ரயரை எனக்கு 2021இல் புதிது என்று விற்றிருக்கிறார்கள். பூ, அதாவது ரயரின் மேல் வெட்டு, ஆழமாகத்தான் இருந்தது, ரப்பர் மட்டும் பலகைபோல. நகத்தால் அழுத்தினால் அடையாளம் விழவில்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "அண்ணை, ஓடாத ரயர் பழசாகாது" என்றார். பழசாகும்.

இன்னொன்று என் பிழை. முன்ரயர்களில் காற்று 24 இறாத்தல்தான் இருந்தது. லொறிகளும் பஸ்களும் போய்ப் போய் ஏ9இல் சில இடங்களில் இரண்டு தடம் பள்ளமாக விழுந்திருக்கிறது. மழைக்கு அது இரண்டு வாய்க்கால். ரயர் நீருக்கு மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தோடு சேர்ந்து கூடிக் குறையும் என்று நாசா வெகுகாலத்துக்கு முன்பே விமானச் சில்லுகளை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. அந்தக் கணக்குப்படி, தேய்ந்த ரயரும் தேங்கிய நீரும் என்றால், 32 இறாத்தலுக்கு மணிக்கு 94 கிலோமீற்றர் அளவு, 24 இறாத்தலுக்கு 82 அளவு. பல நாடுகளில் 1.6 மில்லிமீற்றர் பூ இருந்தால் சட்டத்துக்குப் போதும். மழைக்கு 3க்குக் கீழே இறங்கினால் நான் கழற்றிவிடுவேன்.

ஆனால் மிதப்பதை இந்தக் கார் மறைக்காது. என்னுடையதில் பவர் ஸ்ரியறிங் இல்லை. சாதாரணமாகக் கையில் ஒரு முறுக்கு இருந்துகொண்டே இருக்கும். நீர் மேல் ஏறியதும் அந்த முறுக்கு அப்படியே போய்விடும், கயிறு அறுந்த வாளியைத் தூக்குவதுபோல. அப்போது திருப்பாமல், பிறேக்கைத் தொடாமல், காலை மெதுவாக விட்டுக்கொண்டு நேரே போனால் இரண்டு கணத்தில் முறுக்கு திரும்பி வரும். புது ரயர் போட்டு, காற்றும் சரி பார்த்த பிறகு ஆனையிறவு வெளியில், பகல் மழையில், இடமும் வலமும் கடலேரி வெள்ளையாகக் கிடக்க இதை ஓட்டிப் போனேன். கூரைக் கண்ணாடியில் மழை நெல் கொட்டுவதுபோல விழுகிறது, முதுகுக்குப் பின்னால் எஞ்சின் பேசுகிறது. தொடை நனைந்ததை உப்பளம் கடந்த பிறகுதான் கவனித்தேன்.

பின்சில்லில் பாரம் இருப்பதால் சேற்று ஒழுங்கையில் கிளம்புவதில் இது முன்னெஞ்சின் கார்களை வெல்லும். கிளம்பிய பிறகு அடிவயிறு தட்டும், அது வேறு கதை. நிலத்துக்கும் காருக்கும் இடையில் ஒரு சாண் கூட இல்லை. ரேடியேற்றர் முன்னால், எஞ்சின் பின்னால், இரண்டையும் இணைக்கும் தண்ணீர்க் குழாய்கள் அடிவயிற்றின் கீழ் நீளமாக ஓடுகின்றன. கிறவல் வீதியில் கல் அடித்தால் முதலில் பாருங்கள்.

எஞ்சின் மூடியில் காற்றுப்போக வெட்டு வெட்டாக இடைவெளி இருக்கிறது. மழை அதற்குள்ளால் நேரே எஞ்சினில் விழும். ஓடும்போது சூட்டில் காய்ந்துவிடும். முறிகண்டியில் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி வருவதற்குள் மூடியிலிருந்து ஆவி எழும்பும். பார்த்தவர்கள் கார் எரிகிறது என்று கத்தியிருக்கிறார்கள். ஆவியால் பயமில்லை, ஈரத்தால்தான் வில்லங்கம். முதல் மாரியில் நின்று கிளம்பும்போதெல்லாம் எஞ்சின் விக்கியது. இரவில் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, போத்தலால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். பழைய பிளக் வயர்களில் நீலப் பொறி ஊர்ந்தது. டிஸ்ரிபியூட்டர் மூடியிலும் மயிரளவு வெடிப்பு. மூடி, வயர் இரண்டையும் மாற்றி, வயர் முனைகளில் சிலிக்கன் கிறீஸ் தடவியபின் இன்றுவரை விக்கல் இல்லை. இதே வேலைக்கு வேறொருவரிடம் போயிருந்தால் பெற்றோல் பம்பைக் கழற்றியிருப்பார்.

எழும்பும் லைற்றுகளில் ஒன்று மழைக்கு அடிக்கடி சிக்கும். மோட்டாரில் ஒரு சிறு குமிழ் இருக்கிறது, கையால் சுற்றி எழுப்பலாம். அதுவரை ஒற்றைக்கண் தவளை. ஏசி வேலை செய்யாவிட்டால் மழைக்கு எடுக்கவே வேண்டாம். உள்ளே இரண்டு பேர் மூச்சு விட்டாலே கண்ணாடி வெள்ளையாகிவிடும், அத்தனை சிறிய இடம்.

வெள்ளத்தைப் பற்றி ஒரே வரி: இறங்காதீர்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நாட்களில் எங்கள் பக்கம் முழங்கால் தண்ணீரில் உழவு இயந்திரம்தான் வாகனமாக ஓடியது. அந்த அளவு தண்ணீர் மறுபடி வந்தால் இந்தக் கார் கடையின் உயரமான திண்ணையில் நிற்கும், நான் சைக்கிளில் போவேன்.

ஆக, வாங்கலாமா? வீட்டில் மழைக்கு வேறொரு வாகனம் இருந்தால், உங்கள் வலது காலை நீங்களே சந்தேகப்படக்கூடியவர் என்றால், வாங்கலாம். இருபது வயதுப் பொடியனுக்கு, ஒரே வாகனமாக, கார்த்திகையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அக்கா என்னிடம் கேட்டது அவள் மகனுக்காகத்தான். நான் வேண்டாம் என்று சொன்னதற்கு மருமகன் இன்னும் கோபத்தில் இருக்கிறான். ஆனாலும் மழை பெய்தால் வந்து ஏறிக்கொள்கிறான். துளி தொடைக்கா முழங்காலுக்கா என்று பந்தயம் பிடிக்கிறான். கூரை ரப்பர் யப்பானிலிருந்து வர வேண்டும், விலை கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இப்போதைக்கு யூரியாப் பையை வெட்டி மடியில் விரித்துக்கொண்டு ஓட்டுகிறேன். இடப்பக்க ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது. மருமகன் எப்போதும் காய்ந்தபடிதான் இறங்குகிறான்.