கெஃப் எல்எஸ்50 மெட்டா: இருபது ஆண்டு வைத்துக்கொள்ள ஒரு ஸ்பீக்கர் ஜோடி

இனி பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு மாற்றவே கூடாது, ஒதுக்கிய தொகையைத் தாண்டவும் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு ஒரு ஜோடி ஸ்பீக்கரைத் தேடினேன். கடைசியில் வாங்கியது கெஃப் நிறுவனத்தின் எல்எஸ்50 மெட்டா. மூன்று ஆண்டுகளாக ஏறத்தாழ நாள்தோறும் அதில்தான் பாட்டுக் கேட்கிறேன். அது நன்றாக ஒலிக்கிறதா என்பதோடு, அளவான பணத்தை ஒரு ஸ்பீக்கரின் எந்தக் குணத்துக்குக் கொடுக்க வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்தே எழுத விரும்புகிறேன். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இதற்கு முன் இரண்டு முறை பணத்தை இழந்திருக்கிறேன்.

முதல் முறை வாங்கிய ஜோடி, கடையில் பத்து நிமிடம் கேட்டபோதே மனத்தைக் கவர்ந்துவிட்டது. சிம்பலின் ஒவ்வொரு தட்டலும் தெறித்தது. பாடகரின் மூச்சுகூடத் தனியாகக் கேட்டது. வீட்டில் சில மாதங்கள் கழிந்த பிறகுதான், எந்த இசைத்தட்டைப் போட்டாலும் அரை மணி நேரத்தில் ஒலியைக் குறைக்கக் கை போவதைக் கவனித்தேன். மேல் அலைவரிசைகளைச் சற்றே தூக்கிவிட்டால், புதிதாகக் கேட்பவருக்கு அது தெளிவாகத் தோன்றும். நாள்பட்டால் காது களைத்துவிடும். மேலும், இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால்கூட அதுவே சிறந்தது என்று நாம் முடிவு செய்துவிடுவோம். அன்று நான் ஒலியளவைச் சமப்படுத்திக் கேட்கவில்லை. இரண்டாவது முறை, பழைய பெரிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைக் குறைந்த தொகைக்கு வாங்கினேன். ஓராண்டுக்குள் தாழ்ந்த ஒலியை எழுப்பும் வூஃபர் கூம்பின் ஓரத்தில் இருந்த நுரை வளையம் தொட்டாலே உதிர ஆரம்பித்தது. பாலியூரித்தேன் நுரையால் செய்த வளையங்கள் பத்து முதல் இருபது ஆண்டுகளில், ஈரப்பதம் மிகுந்த இடத்தில் அதற்கும் முன்பே, இப்படிப் பொடிந்துபோவது இயல்பு என்பதை அதற்குப் பிறகே அறிந்தேன்.

இந்த இரண்டு தவறுகளும் எனக்கு ஒரு வேறுபாட்டைப் புரியவைத்தன. ஸ்பீக்கரின் சில குறைகளைப் பின்னால் சரிசெய்துகொள்ள முடியும். சிலவற்றை ஒருபோதும் முடியாது. கீழ்ச்சுருதி, அதாவது ஆழ்ந்த தாழ்ஒலி, போதவில்லை என்றால் பிறகொரு நாள் அதற்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆம்ப்ளிபையரை மாற்றலாம். அறையில் கனமான விரிப்பும் திரையும் போட்டு எதிரொலியைக் குறைக்கலாம். ஆனால் கூம்பும் பெட்டியும் தாமாக அதிர்ந்து இசையில் கலக்கும் ஓசையையும், ஸ்பீக்கர் பக்கவாட்டில் பரப்பும் ஒலி முன்னால் அனுப்பும் ஒலியிலிருந்து வேறுபடுவதையும் வாங்கியவர் எதுவும் செய்து திருத்த இயலாது. அலைவரிசைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் உதவும் என்று பலர் நினைக்கிறார்கள். அது முன்னால் போகும் ஒலியையும் பக்கவாட்டில் போகும் ஒலியையும் ஒரே அளவில்தான் மாற்றும், இரண்டுக்கும் இடையிலான முரணை அப்படியே விட்டுவிடும்.

இந்த முரண் ஏன் இவ்வளவு முக்கியம்? வீட்டு அறையில் நாற்காலியில் அமர்ந்து கேட்கும்போது காதுக்கு வரும் ஒலியில் பெரும்பங்கு சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பி வருவது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பின்னர் ஹார்மன் நிறுவனத்திலும் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல், எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாதபடி திரைக்குப் பின்னால் வைத்து நடத்திய சோதனைகள் இதை உறுதிப்படுத்தின. முன்னால் சமனாகவும், பக்கவாட்டில் போகப்போக ஏற்ற இறக்கமின்றி மெல்லக் குறைந்தும் ஒலிப்பவற்றையே பெரும்பாலோர் விரும்பினர். ஸ்பீக்கரைச் சுற்றி எழுபது கோணங்களில் அளந்து வரைபடமாகத் தரும் முறை இந்த ஆய்வுகளிலிருந்தே வளர்ந்தது. அது 2013இல் அமெரிக்கத் தொழில்துறைத் தரநிலையாகவும் ஆனது. இன்று பல ஸ்பீக்கர்களுக்கு இவ்வரைபடம் எளிதில் கிடைக்கிறது. பணம் அளவாக இருப்பவர் விளம்பர வாசகங்களுக்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்த வரைபடத்தைத்தான்.

எல்எஸ்50 மெட்டாவை நான் முதலில் பட்டியலில் சேர்த்தது இதனால்தான். மேல் ஒலியை எழுப்பும் 25 மில்லிமீட்டர் அலுமினிய ட்வீட்டர், 130 மில்லிமீட்டர் கூம்பின் நடுவிலேயே அமர்ந்திருக்கிறது. கெஃப் 1988இல் அறிமுகப்படுத்திய இந்த அமைப்பில் மேல் ஒலியும் நடு ஒலியும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படுகின்றன. கூம்பு ட்வீட்டரின் ஒலியை வழிநடத்தும் குழலாகவும் பயன்படுகிறது. ட்வீட்டரை மேலேயும் வூஃபரைக் கீழேயும் வைக்கும் வழக்கமான பெட்டியில், நாற்காலியிலிருந்து எழுந்து நின்றால் ஒலியின் சாயல் மாறுவதைக் கேட்கலாம். இதில் அந்த மாற்றம் மிகக் குறைவு. எங்கள் வீட்டில் நால்வர் வெவ்வேறு இடங்களில் அமர்ந்து கேட்கிறோம். ஓரத்தில் இருப்பவருக்கும் குரல் குரலாகவே கேட்கிறது. பெயரில் உள்ள ‘மெட்டா’, ட்வீட்டருக்குப் பின்னால் 2020இல் சேர்க்கப்பட்ட வட்டமான புதிர்ப்பாதைத் தகட்டைக் குறிக்கிறது. ட்வீட்டரின் பின்பக்கம் வெளிப்பட்டுத் திரும்பி வந்து கலங்கலை உண்டாக்கும் ஒலியை அதன் நுண்ணிய குழாய்கள் விழுங்கிவிடுகின்றன. இந்தத் தகடு இல்லாமல் 2012இல் வந்த மூலப் பதிப்பான எல்எஸ்50ஐச் சில மணி நேரம் கேட்டிருக்கிறேன். வயலின் உச்சத்துக்குப் போகும் இடங்களில் புதியது அமைதியாக இருக்கிறது என்பதே என் காதுக்குப் பட்ட வேறுபாடு. முதல் ஜோடியில் என்னைக் களைக்க வைத்த பாட்டுகளை இதில் மணிக்கணக்கில் கேட்கிறேன். அதைவிடப் பெரிய பாராட்டு என்னிடம் இல்லை.

கீழ்ச்சுருதியில்தான் இதன் எல்லை தெரிகிறது. நிறுவனமே தரும் கணக்கின்படி மூன்று டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் இது 79 ஹெர்ட்ஸ் வரைதான் இறங்கும். டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ், பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். பின்சுவர் அருகே வைத்தால் அறை கொஞ்சம் கைகொடுக்கும். என்றாலும் மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்காரம் முழு உடலோடு வருவதில்லை, அதன் தொடக்கமும் வடிவமும் மட்டும் சுத்தமாக வருகின்றன. இந்தக் குறையை அறிந்தேதான் வாங்கினேன். அதே தொகைக்கு 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் உயரமான ஸ்பீக்கர்கள் கிடைக்கும். ஆனால் பெரிய பெட்டிக்கும் கூடுதல் வூஃபருக்கும் போகும் பணம், மனிதக் குரல் வாழும் நடுப்பகுதியிலிருந்துதான் பெரும்பாலும் கழிக்கப்படுகிறது. ஆழ்ந்த ஒலியை அறையே ஆள்கிறது என்பதும் உண்மை. ஐந்து மீட்டர் நீளமுள்ள அறையில் 34 ஹெர்ட்ஸ் அருகே ஒலி ஓரிடத்தில் வீங்கும், இன்னோரிடத்தில் காணாமலே போகும். நடு ஒலிக்கு உகந்த இடமும் ஆழ்ந்த ஒலிக்கு உகந்த இடமும் ஒன்றாக அமைவது அரிது என்பதால், தனியே நகர்த்தக்கூடிய சப்வூஃபர் அந்த வேலையைச் செய்வதே நல்லது. நான் ஒன்றரை ஆண்டு காத்திருந்து ஒன்றைச் சேர்த்தேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பொறுப்பைச் சின்னக் கூம்பிடமிருந்து எடுத்துவிட்டதால், சத்தமாகக் கேட்கும்போது முன்பிருந்த திணறலும் நின்றது.

ஆம்ப்ளிபையர் விஷயத்தில் சற்றே கவனம் தேவை. இதன் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்திறனுக்கு எழுப்பும் ஒலியளவு, 85 டெசிபல்தான். ஒரு வாட்டுக்கு 85 என்றால் பத்து வாட்டுக்கு 95, நூறு வாட்டுக்கு 105. மின்தடை எட்டு ஓம் என்று எழுதியிருந்தாலும் சில அலைவரிசைகளில் 3.5 ஓம் வரை இறங்குகிறது. ஆகவே நான்கு ஓம் சுமையைத் தாங்கும் என்று தயாரித்தவரே சொல்லும், ஐம்பது வாட்டுக்குக் குறையாத ஆம்ப்ளிபையர் வேண்டும். அதற்கு மேல் ஆம்ப்ளிபையருக்கும் விலையுயர்ந்த கம்பிகளுக்கும் செலவிடுவதைவிட, ஸ்பீக்கரை அசையாமல் காது உயரத்தில் நிறுத்தும் கனமான ஸ்டாண்டுக்குச் செலவிடுவதே பயன் தரும்.

இதற்கு எதிராக நான் கடைசிவரை எடைபோட்டுப் பார்த்தது வார்ஃப்டேல் லிண்டன். 2019இல் மறுபிறவி எடுத்த இந்த மூன்று வழி ஸ்பீக்கரில் எட்டு அங்குல வூஃபர், தனி நடு ஒலிக் கூம்பு, துணியாலான ட்வீட்டர் உள்ளன. உணர்திறன் 90 டெசிபல் என்பதால் எளிய ஆம்ப்ளிபையரிலும் நிறைந்து ஒலிக்கிறது. சப்வூஃபர் வைக்க விரும்பாதவருக்கும், பெரிய அறையில் கேட்பவருக்கும் அதுவே சரியான தேர்வு என்று தயங்காமல் சொல்வேன். என் அறை சிறியது, அந்தப் பெட்டி பெரியது. குரலின் துல்லியத்திலும் மெட்டா ஒரு படி மேலே நின்றது.

ஆம்ப்ளிபையரையும் இணைய வசதியையும் உள்ளேயே கொண்ட எல்எஸ்50 வயர்லெஸ் வகையையும் கெஃப் விற்கிறது. வசதியானது, ஒலியும் சிறப்பானது. ஆனால் இருபது ஆண்டு என்ற என் நிபந்தனைக்கு அது பொருந்தவில்லை. கூம்பும் காந்தமும் பல பத்தாண்டுகள் உழைக்கும். அதே பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் பலகையும் மென்பொருளும் அத்தனை காலம் வராது. கம்பியில் இணைக்கும் ஸ்பீக்கருக்கு இன்றைய ஆம்ப்ளிபையரும் பொருந்தும், இனி வரப்போவதும் பொருந்தும்.

நீண்ட காலப் பார்வையில் மெட்டாவைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கவலை உண்டு. கூம்பும் ட்வீட்டரும் ஒன்றாக இணைந்த இதன் பாகம் இந்த ஸ்பீக்கருக்கென்றே செய்யப்பட்டது. பழுதானால் வேறெந்த நிறுவனத்தின் பாகத்தையும் அதனிடத்தில் பொருத்த முடியாது. எல்எஸ்50க்கு முன்மாதிரி, பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கர்; அதில் பொருத்திய கூம்புகளைக் கெஃப் தயாரிப்பதை நிறுத்தியதும் 1990களின் இறுதியில் அதன் உற்பத்தியே நின்றுபோனது. ஆனாலும் அந்த ஸ்பீக்கர்களில் பல இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன, பழுதுபார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு அதிகமாக விற்ற மாதிரிக்கு உதிரிப் பாகம் நெடுநாள் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வாங்கினேன்; கூம்பின் வளையம் நுரையால் ஆனதல்ல என்பதும் அந்த நம்பிக்கைக்கு உரம். முகப்பு மூடி பெட்டியோடு வருவதில்லை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தனியே வாங்கி முதல் நாளிலேயே மாட்டிவிடுவது அவசியம்.

வாங்குவதற்கு முன், திருப்பித் தரும் உரிமையோடு வீட்டுக்கு எடுத்துவந்து இரண்டு வாரமாவது கேளுங்கள். பளபளப்பான சோதனைப் பதிவுகள் வேண்டாம். நெடுங்காலமாகப் பழகிய, பதிவு அவ்வளவு நன்றாக இல்லாத பழைய பாட்டுகளைப் போட்டு, பேசும் குரலின் அளவிலேயே ஒலிக்க விடுங்கள். பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தேடிக் கை போகிறதா, ஒலியைக் குறைக்கப் போகிறதா என்று கவனியுங்கள்.