பால்லயும் ரத்தத்துலயும் அமினோ அமிலம் பாக்கறது: பல வருசமா மெஷின் ஓட்டுன அனுபவம்

மொதல்லயே தீர்ப்பச் சொல்லிப்போடறனுங்க, நேரமில்லாதவங்க இதோட போயிக்கலாம். தீவனம் சரியா இருக்குதான்னு தெரிஞ்சுக்கறதுக்காக பால்ல மொத்த அமினோ அமிலம் டெஸ்ட் பண்றது வீண் செலவு. ரத்தத்துல பாத்தா விசயம் இருக்குது, ஆனா அந்த ரத்தம் கட்டுத்தரையில இருந்து லேப்புக்கு வர்ற வரைக்கும் ஒழுங்கா வந்திருந்தாத்தான். மெஷின் அதுபாட்டுக்கு நல்லாத்தான் ஓடுது.

நான் இருக்கறது நாமக்கல் பக்கம் ஒரு தீவன டெஸ்டிங் லேப்ல. கோழிப்பண்ணை ஊருங்கறதால மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள்னு வரும், அதுல லைசின், மெத்தியோனின்ங்கற அமினோ அமிலங்க எவ்வளவு இருக்குதுன்னு பாக்கறதுதான் அன்னாடம் பொழப்பு. பெருந்துறை, காங்கயம், பொள்ளாச்சி பக்கமிருந்து மாட்டுப்பண்ணைக்காரங்க கேக்க ஆரம்பிச்சதும் அதே ஹெச்பிஎல்சியில (கலவையில இருக்கறத ஒவ்வொண்ணாப் பிரிச்சு அளக்கற மெஷின்) பாலும் பிளாஸ்மாவும் (ரத்தத்துல அணுக்கள நீக்கின தெளிவான நீர்) ஓட்ட ஆரம்பிச்சோம். பிராண்டு பேரு வேண்டாம், நான் சொல்றது எந்தக் கம்பெனி மெஷினுக்கும் பொருந்தும்.

பெரும்பாலான அமினோ அமிலங்கள டிடெக்டர் நேராப் பாக்காதுங்க, அதுக்குத் தெரியறாப்புல ஒரு கெமிக்கலக் கோத்து விடணும். பழைய முறையில அந்தக் கெமிக்கல் நின்ஹைட்ரின். 1958ல ஸ்பாக்மேன், ஸ்டைன், மூர் மூணு பேரும் சேந்து அத தானா ஓடற கருவியாவே ஆக்கிட்டாங்க, இன்னைக்கும் பெரிய லேப்கள்ல அந்த முறை ஓடுது, புரோலின்ங்கற அமினோ அமிலம் 440 நானோமீட்டர்ல மஞ்சளாவும் மத்ததெல்லாம் 570ல ஊதாவாவும் தெரியும். எங்ககிட்ட இருக்கறது, காலம் (column) அப்படிங்கற பிரிக்கற குழாய்க்குள்ள போறதுக்கு முன்னாடியே கோக்கற முறை, கோக்கற கெமிக்கலுக ஓபிஏவும் எஃப்மாக்கும். ஓபிஏ புரோலினப் புடிக்காது, அதுக்குத்தான் எஃப்மாக். பாலோட முக்கியப் புரதமான கேசின்ல புரோலின் ஏகப்பட்டது இருக்கறதால ஓபிஏ மட்டும் போதும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

மெஷின் வாங்கறவங்களுக்கு ஒண்ணு. ஓபிஏ கோத்த பொருள் சீக்கிரமே சிதைய ஆரம்பிச்சுரும், அதனால ஒவ்வொரு சாம்பிளுக்கும் கலந்து அதே இடைவெளியில உள்ள ஏத்தணும். கையில கலந்து ஊசியில ஏத்தினா ஒரே சாம்பிள் காத்தால ஒண்ணு பொழுதோட ஒண்ணு சொல்லும். தானா கலக்கற ஆட்டோசாம்ப்ளர் இல்லாத மெஷின் செகண்ட் ஹேண்டுல சல்லிசாக் கெடைக்குதுன்னு வாங்கிப்போடாதீங்க. ரீஏஜண்ட் ஃப்ரிட்ஜ்ல இருட்டா இருந்தாலும் ஒரு வாரம் தாண்டினா எனக்கு நம்பிக்க வராது. அதுல கலக்கற மெர்காப்டோஎத்தனால் நாத்தம் இருக்குதே, புகைய வெளிய இழுக்கற ஹுட் இல்லாத லேப்ல பக்கத்து ரூம்காரங்க சண்டைக்கு வந்துருவாங்க.

கிளவுஸ் கண்டிப்பா வேணும், உங்க பாதுகாப்புக்குன்னு மட்டும் நெனைக்காதீங்க. நம்ம வேர்வையிலயே செரின், கிளைசின் எல்லாம் இருக்குது, வெறுங்கையில டியூப் வாயத் தொட்டா அதுவும் ரிப்போர்ட் கோட்டுல ஒரு மேடா, அதாவது பீக்காத்தான் வந்து நிக்கும். சித்திரை வெயில்ல இந்தத் தொல்லை ரொம்ப சாஸ்தி. மெஷின்ல ஓடற பாஸ்பேட் பஃபர் கரைசல்ல நுண்ணுயிரு வளந்துரும், அடிக்கடி புதுசாப் போட்டு ஃபில்டர் பண்ணோணும். கரண்டு போயி பம்பு நின்னுட்டா பஃபரும் அதோட ஓடற அசிட்டோநைட்ரைல் கரைப்பானும் சந்திக்கற எடத்துல உப்பு கட்டிக்கும், அதனால யுபிஎஸ் இல்லாம இந்த வேலையில எறங்காதீங்க. சர்வீஸ் ஆளு கூப்புட்ட அன்னைக்கே வருவாருன்னும் எதிர்பாக்காதீங்க.

இப்ப பாலுக்கு வர்றேன். மொத்த அமினோ அமிலம் பாக்கணும்னா 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல மூடின டியூப்ல 110 டிகிரியில 24 மணி நேரம் வேக வைக்கணும். பால்ல லாக்டோஸ் இருக்கறதால உள்ள கருகி கருப்பாயிரும், வடிகட்டியே கை சலிச்சுப்போகும். டிரிப்டோஃபேன் இதுல அழிஞ்சே போயிரும், அதுக்கு காரத்துல தனியா வேக வைக்கணும். மெத்தியோனின், சிஸ்டைன் சரியா வேணும்னா மொதல்ல பெர்ஃபார்மிக் ஆசிட்ல ஆக்சிடேஷன் பண்ணிக்கணும். இத்தன பாடுபட்டு கடைசியில என்ன வருதுன்னு கேட்டா, புரதத்துல லைசின் சுமாரா 8 சதம், மெத்தியோனின் சுமாரா 2.5 சதம், எந்த மாட்டுப் பாலக் கொண்டாந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். பால் புரதத்துல கிட்டத்தட்ட 80 சதம் கேசின், அதுல எந்த அமினோ அமிலம் எங்க நிக்கணும்னு மாட்டோட ஜீன்ல எழுதியிருக்குது. தீவனம் கொறஞ்சா மாடு புரதத்தக் கொறச்சுக் கொடுக்குமே ஒழிய லைசின் கம்மியான கேசின் செய்யாது. புரதம் எவ்வளவுன்னு பால் சொசைட்டி மெஷினே சொல்லிருமுங்க, அதுக்கு நான் எதுக்கு?

பால் பவுடர் மட்டும் வேற கதை. சூடு பட்டதுல லைசினும் லாக்டோஸும் ஒட்டிக்கும், கன்னுக்குட்டிக்கு அந்த லைசின் ஒதவாது, ஆனா ஆசிட்ல வேக வச்சா அதுல ஒரு பங்கு மறுபடி லைசினாவே பிரிஞ்சு வந்து ரிப்போர்ட்ல நல்லபடியாத் தெரியும். பவுடர் விக்கறவங்க மொத்த லைசின் நம்பரக் காட்டினா வெறும் தலைய மட்டும் ஆட்டி வையுங்க, சூட்டுல ஒட்டிக்கிட்ட லைசினக் காட்டிக் குடுக்கற ஃபியூரோசின் டெஸ்ட் கேளுங்க.

ரத்தம்தான் உருப்படியான பக்கம். பச்சை மூடி ஹெப்பரின் டியூப்ல டாக்டர வச்சு எடுக்கணும், எடுத்த கையோட ஐஸ்ல போட்டு, அரைமணிக்குள்ள சுத்தி பிளாஸ்மாவப் பிரிச்சு, சல்ஃபோசாலிசிலிக் ஆசிட் போட்டு புரதத்த எறக்கிடணும். உடனே ஓட்டலைன்னா மைனஸ் 80ல வைக்கணும், சாதா ஃப்ரீசர்ல வச்சா குளுட்டமின் கொஞ்சங்கொஞ்சமாக் கரைஞ்சு குளுட்டமேட்டா ஏறும். ரத்தம் ஒடஞ்சு பிளாஸ்மா செவப்பா வந்தா இன்னொரு கூத்து, அணுக்களுக்குள்ள இருக்கறது வெளிய வந்து அஸ்பார்டேட்டும் டாரினும் எகிறும். ரிப்போர்ட்ல இது ரெண்டும் ஏறி இருந்தா மாட்டச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி டியூப்பச் சந்தேகப்படுங்க. பைக் டேங்க் கவர்ல வெயில்ல வந்த டியூப்ப நான் இப்பெல்லாம் வாங்கறதே இல்ல, அதுக்காக என்னையத் திட்டிட்டுப் போனவங்க உண்டு.

எந்த நரம்புல எடுத்தாங்கங்கறதும் முக்கியமுங்க. வயித்துக்கு அடியில பெருசா ஓடற பால் நரம்பு எடுக்க சுலபமாத் தெரியும், ஆனா அது மடிய விட்டுத் திரும்பற ரத்தம், மடி தனக்கு வேணுங்கறத உறிஞ்சுட்டு மிச்சம் அனுப்பறது. அதுல லைசின் கம்மின்னு வந்தா அர்த்தமே இல்ல. எல்லா மாட்டுக்கும் வால்லயோ கழுத்துலயோ ஒரே எடத்துல, தீனி வச்சு அதே நேரங்கழிச்சு எடுத்தாத்தான் ஒப்பிட முடியும். காங்கயம் மாட்டுக்கு மட்டும் எந்த எடமும் அது முடிவு பண்றதுதான், நம்ம கையில இல்ல!

இதுல காசு மிச்சமான சமாச்சாரம் ஒண்ணு. திருச்செங்கோடு பக்கம் ஒரு பண்ணைக்காரர் கோழித் தீவனத்துக்கு வாங்கற மெத்தியோனின் பொடியவே மாட்டுத் தவிட்டுல கலந்து போட்டுட்டிருந்தார். கடலைப்புண்ணாக்கும் மக்காச்சோள மாவும் நெறையப் போடற நம்ம ஊர்த் தீனிக்கு லைசினும் மெத்தியோனினும் பத்தாமப் போகுங்கறது உண்மைதான், அமெரிக்க ஆராய்ச்சிக் கவுன்சில் (என்ஆர்சி) 2001ல போட்ட கணக்குல, மாடு உறிஞ்சிக்கற புரதத்துல லைசின் 7.2, மெத்தியோனின் 2.4 சதம், மூணுக்கு ஒண்ணு இருக்கணும்னு சொல்லியிருந்தாங்க. ஆனா அவரு மாட்டு பிளாஸ்மாவுல மெத்தியோனின் லிட்டருக்கு 20 மைக்ரோமோல தாண்டவே இல்ல. “ஏனுங்க தம்பி, மெஷினு ரிப்பேருங்களா?”ன்னார். “இல்லீங்ண்ணா, கோழிக்கு அசையூண் வயிறு கெடையாதுங்க, மாட்டுக்கு அந்த வயித்துல இருக்கற நுண்ணுயிரு பெரும்பகுதிய முன்னாடியே தின்னுப்போடுது”ன்னேன். அந்த வயித்துல அழியாம இருக்க மேல பூச்சுப் போட்ட மெத்தியோனினுக்கு மாத்தினப்பறம் எடுத்த ரத்தத்துல நல்லாவே ஏறுச்சு. ஆனா ரத்தத்துல ஏறினதெல்லாம் பால்ல புரதமா வந்துராது, தேவைக்கு மேல போச்சுன்னா ரத்தத்துல சுத்திட்டு வீணாத்தான் போகும். அதனால ரத்த ரிப்போர்ட்டோட சொசைட்டி புரத சீட்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒண்ணு ஏறி ஒண்ணு அசையாம நின்னா அளவக் கொறைங்க.

பத்து மாடு வச்சிருக்கறவங்களுக்கு இது தேவையில்லீங்க, பால்ல யூரியா பாத்தாலே தீனியில புரதம் வீணாகுதான்னு ஓரளவு தெரிஞ்சுரும், செலவும் கம்மி. பெரிய பண்ணை, தீவன மில்லு, பூச்சு மெத்தியோனின் விக்க வர்றவங்க சொல்றது நெசமான்னு பாக்கணும்ங்கறவங்க, இவங்க பண்ணலாம், அதுவும் ஒத்த மாட்டு ரத்தம் வேண்டாம், கன்னு போட்டு ஏறக்கொறைய ஒரே நாளான ஏழெட்டு மாட்டுல எடுங்க.

எங்க மெஷின்ல இப்ப ஓடற காலம் (column) ஒரு ஜாணுக்குக் கொறவான ஸ்டீல் குழாய்தான், முன்னாடி அழுக்கத் தடுக்கற சின்ன கார்டு குழாய் போட்டு ஓட்டறதால தாக்குப்புடிக்குது, லைசின் பீக் மட்டும் இப்ப அகலமாக ஆரம்பிச்சிருக்குது, ஆடி பொறக்கறதுக்குள்ள மாத்தியாகணும்.