பம்ப் போட்டு பைபாஸா, போடாமலா? புற்றுநோய் உள்ளவருக்கு எது?

'பைபாஸ்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. அடைபட்ட ரத்தக்குழாயைச் சுற்றி மாற்றுவழி போடுவதும் பைபாஸ்தான். அப்போது இதயத்தை நிறுத்தி, அதன் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினும் பைபாஸ் மெஷின்தான்; 'பம்ப்' என்பதும் இதைத்தான். ஆனால் மெஷின் இல்லாமலும் மாற்றுவழி போடலாம். புற்றுநோய் உள்ளவருக்கு இதய ஆபரேஷன் செய்தால் நோய் பரவுமோ என்ற பயம் மெஷினைப் பற்றியது.

பயத்துக்குக் காரணம் உண்டு. 1953-ல் பிலடெல்பியாவில் சர்ஜன் ஜான் கிப்பன் இந்த மெஷினை வெற்றிகரமாகப் பயன்படுத்திய காலத்திலிருந்து அடிப்படை ஒன்றே: கருஞ்சிவப்பாக வெளியேறும் ரத்தம் குழாய்களில் ஓடி, ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு பளீர்ச் சிவப்பாகத் திரும்பும். பிளாஸ்டிக்கைத் தொட்ட ரத்தம் சும்மா இருக்காது. உடல் முழுக்க அழற்சி கிளம்பும். புற்றுச் செல்களை வேட்டையாடும் 'என்.கே.' என்ற எதிர்ப்புசக்தி செல்கள் சில நாள் சுணங்கும்.

பம்ப் இல்லாத முறையில் 'ஆக்டோபஸ்' கருவி தையல் விழும் இடத்தை மட்டும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள, மற்ற இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். ரத்தம் ஏற்றும் தேவை குறைவு. ஆனால் நெஞ்செலும்பைப் பிளப்பதும் மயக்க மருந்தும் இதிலும் உண்டு. எதிர்ப்புசக்தி இதிலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

2013-ல் வந்த நியூ ஜெர்சி ஆய்வு, பம்ப்புக்கும் புற்றுநோய்க்கும் லேசான தொடர்பைக் காட்டியது. ஆனால் அது பழைய பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வு. யாருக்கு பம்ப் என்பதைத் தீர்மானித்தது குலுக்கல் அல்ல, டாக்டர்கள்; அதனால் பம்ப்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்குக் கனமாகப் படுவது சிறுநீரகப் புற்று. கட்டி பெருஞ்சிரை வழியே ஏறி இதயத்தின் வலது அறையைத் தொட்டால், பெரும்பாலும் பம்ப் போட்டுத்தான் எடுப்பார்கள். ரத்தக்குழாய்க்குள்ளேயே புற்று உட்கார்ந்திருக்கும் அந்த நிலையில்கூட, பம்ப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆயுளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

இதயக் கணக்கு வேறு கதை. அமெரிக்காவின் ரூபி ஆய்வில் (2,203 பேர்) 5 ஆண்டுகளில் இறந்தவர்கள் பம்ப் போட்டதில் 11.9%, போடாததில் 15.2%. 4,752 பேரைப் பார்த்த 'கொரோனரி' என்ற ஆய்விலோ 5 ஆண்டு முடிவில் இரண்டும் ஏறக்குறைய சமம். கை பழகிய சர்ஜன் கிடைத்தால் இரண்டும் ஓடும் என்றே எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் பம்ப் இல்லாத முறை சகஜம், ஆனாலும் "மாதம் எத்தனை செய்வீங்க டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். கூடவே, "அடுத்த புற்றுநோய் சிகிச்சையை எத்தனை வாரத்தில் தொடங்கலாம்?" என்றும். பம்ப்பைவிட அந்தத் தாமதம்தான் எனக்குக் கவலை.