எதிர்க்கடையிலிருந்து ஒரு மதிப்பீடு: எங்கள் ஊர்க் கிளை நூலகம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நடுநிலையான ஆள் கிடையாது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கல்லாவில் விழும் காசில் பாதி, அந்த நூலகத்தின் படியிறங்கி வரும் பிள்ளைகள் கொடுப்பது. ஆகவே நான் பாராட்டினால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். திட்டினால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. நூலகர் அரசு வேலையில் இருப்பவர். என் வாயால் அவருக்கு மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுதும் வேலை வரக்கூடாது.

2003இல் இந்த இடத்தில் நான் திறந்தது ஜெராக்ஸ் கடை இல்லை, பிரவுசிங் சென்டர். ஆறு கணினி, பிளைவுட் தடுப்பு, மணிக்கு 30 ரூபாய். திறப்பு விழாவுக்கு வந்த மாமா எதிர்ப்பக்கம் கையைக் காட்டி, "இன்னும் அஞ்சு வருஷம்தான் மாப்ள, அதை மூடிட்டு உனக்குக் குடோனுக்குக் குடுத்துடுவாங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நடந்தது வேறு. எல்லார் கையிலும் செல்போன் வந்தது. என் ஆறு கணினிகளையும் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போனார். நூலகம் அப்படியே நிற்கிறது. இணையத்தை விற்ற நான் காலி, இணையத்தால் காலியாக வேண்டியது எதிரே விளக்கெரிய உட்கார்ந்திருக்கிறது. எப்படித் தப்பித்தது என்று இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

சரி, விலை. நூலகம் இலவசம் என்று நினைப்பவர்கள் சொத்துவரிக் கணக்கைப் பார்ப்பதில்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் விடாப்பிடியாக நின்று கொண்டுவரவைத்த சட்டம் ஒன்று உண்டு, 1948ஆம் வருடத்து மதராஸ் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம் அதுதான். அதன் வழியாக வந்ததுதான் நூலக வரி: சொத்துவரி ஒரு ரூபாய் என்றால் அதோடு பத்துப் பைசா. 2,000 ரூபாய் சொத்துவரி கட்டுகிறவர் 200 ரூபாய் நூலகத்துக்குக் கட்டுகிறார். ஒரு படத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் பாப்கார்ன் வாங்குகிற காசுகூட வராது, ஆனாலும் காசு காசுதானே. உள்ளே காலெடுத்து வைக்காதவர்களும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நட்சத்திரம் போடும் உரிமை எல்லாருக்கும் உண்டு.

உள்ளே போனால் என்ன இருக்கும்? காலையில் செய்தித்தாள் மேசை. எட்டுப் பத்துப் பெரியவர்கள், ஒருவர் நடுப்பக்கத்தை எடுத்துவிட்டால் மற்றவர் முறைப்பார். அவர்களுக்குப் பின்னால் இரவல் பகுதி, இரும்பு அலமாரிகள். அதைத் தாண்டினால் இன்றைய நூலகத்தின் உண்மையான முகம்: அரசு வேலைக்கான குரூப் 4, குரூப் 2 தேர்வுகள் என்று எழுதித் தீர்க்கும் இளைஞர்கள். இவர்கள் நூலகத்துப் புத்தகத்தைத் தொடுவதே அரிது. சொந்தப் புத்தகம், ஆறாம் வகுப்பிலிருந்து பழைய சமச்சீர்ப் பாடநூல்கள், போனில் பிடிஎஃப், ஒரு தண்ணீர் பாட்டில். அவர்களுக்கு வேண்டியது நாற்காலி, மின்விசிறி, சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட். வீட்டில் ஒரே அறை, அதில் டிவி, தம்பி, தையல் மெஷின் என்று இருக்கிற பிள்ளைகள்.

"இதெல்லாம் நூலகமா, படிப்பு விடுதி" என்று வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒருவர் வருத்தப்பட்டார். இலக்கியம் இரவல் போவது குறைந்துவிட்டது என்பது உண்மைதான். அதற்காக அங்கே உட்கார்ந்து படிக்கும் ஒரு பெண்பிள்ளையை எழுப்பி அனுப்பிவிட்டு நாற்காலியை யாருக்காகக் காலியாக வைத்திருப்பது? சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலேயே சொந்தப் புத்தகத்தோடு வருகிறவர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. பெரிய இடத்தில் செய்தால் சேவை, கிளை நூலகத்தில் செய்தால் குறையா?

இனி நூலகருக்கு வருகிறேன். இந்த மதிப்பீட்டில் முக்கால்வாசி அவரைப் பற்றியதுதான்.

போன வருடம் கல்லூரியில் வரலாறு படிக்கும் ஒரு தம்பி வந்தான். எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டுமாம். கையில் எட்டுப் புத்தகங்களின் பட்டியல். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் கச்சிதமாக. என் கடையில்தான் பிரிண்ட் எடுத்தான், எனக்கே பார்த்ததும் மரியாதை வந்தது. நூலகர் பதிவேட்டில் தேடினார், இல்லை. மாவட்ட மைய நூலகத்துக்குப் போன் போட்டார், இல்லை. சென்னைக் கன்னிமாரா நூலகத்தில் இருக்கும் தெரிந்தவரிடம் கேட்டார். 1954ஆம் வருடச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் அனுப்பப்பட வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. அங்கேயும் எட்டில் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் கேட்டார்: "இந்த லிஸ்ட் யார் குடுத்தா தம்பி?"

"ஏஐ-ல கேட்டேன் மேடம்."

அவர் திட்டவில்லை. பட்டியலை இன்னொரு தடவை படித்துவிட்டு, "தலைப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. யாராச்சும் எழுதினா நானே ஆர்டர் போடுவேன்" என்றார். இல்லாத புத்தகத்துக்குப் பதிப்பகமும் வருடமும் வைத்துத் தரும் வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது. அது இல்லாத புத்தகம் என்று கண்டுபிடிக்க ஒரு மனுஷிக்கு ஒரு முழு மாலை ஆனது.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எனக்கு ஆச்சரியம். "உனக்கு ஏரியைப் பத்தி என்ன வேணும்? யார் வெட்டினாங்கன்னா? வெள்ளைக்காரன் காலத்துல என்ன ஆச்சுன்னா? இப்ப தண்ணி எப்படிப் பாயுதுன்னா?" தம்பி மூன்றும் வேண்டும் என்றான். "அப்ப மூணு இடத்துக்குப் போகணும்." முதலாவதற்கு, 1890 முதல் தொல்லியல் துறை வெளியிட்டுவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள். இரண்டாவதற்கு, ஆங்கிலேய அதிகாரிகள் தொகுத்த மாவட்டக் கையேடுகள். பழைய பதிப்புகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், காசில்லாமல் இறக்கலாம். மூன்றாவதற்கு அவர் விரலை நீட்டியது செய்தித்தாள் மேசைப் பக்கம். அங்கே தினமும் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகும் பெரியவர், ஏரியில் நாற்பது வருடம் நீர்க்கட்டியாக மடை திறந்து மூடியவராம். எனக்கு அவரை இருபது வருடமாகத் தெரியும், அது தெரியாது. நூலகருக்குத் தெரிந்திருக்கிறது. எந்தத் தேடுபொறியில் போட்டால் இந்த விடை வரும்?

இணையத்தில் தேடுவதிலும் அவருக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. பழைய தமிழ் ஸ்கேன்கள் பலவும் வெறும் படங்கள். உள்ளே ஒரு சொல்லைத் தட்டித் தேட முடியாது. எழுத்தாக மாற்றும் மென்பொருளைப் போட்டாலும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ணை, றா எல்லாம் வேறு உருவத்தில் இருப்பதால் தடுமாறும். ஆசிரியர் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தோடு இருக்கும், இன்னோரிடத்தில் சாதிப் பட்டத்தோடு இருக்கும், மூன்றாவது இடத்தில் வடமொழி எழுத்தோடு இருக்கும். "ஒரு தடவை தேடிக் கிடைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல, நாலு விதமா எழுதிப் பாருங்க" என்பார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் நாட்டுடைமையான, அதாவது அரசு உரிமை வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கிய நூல்கள் கிடைக்கும் என்பதை அவர் சொல்லித்தான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். மற்ற நூல்களுக்கு எழுத்தாளர் இறந்து 60 வருடம் ஆனால்தான் பதிப்புரிமை முடியும், அதுவரை போகிற போக்கில் பிடிஎஃப் அனுப்பக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். அன்றிலிருந்து முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் போடச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். அந்த வகையில் எனக்கு நஷ்டம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. ஆன்லைன் விண்ணப்பத்துக்குப் படத்தைச் சுருக்கித் தர நான் 20 ரூபாய் வாங்குவேன். அவர் ஒரு மதியம் பத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, போனிலேயே அதைச் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்று மறுநாள் வந்து சொன்னார். கோபம்தான், ஆனால் என்ன சொல்ல முடியும்?

சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகள் நூலகத்துக்குப் போவதே இல்லை. லிபி என்ற செயலியில் மின்னூலை இரவல் எடுக்கிறாள், நாள் முடிந்தால் அது தானாகவே திரும்பிப் போய்விடும். அபராதம் இல்லை. ஆனால் ஒரு பிரபல நாவலுக்கு வரிசையில் நிற்கிறேன் என்றாள். கோப்புக்கு எதற்கு வரிசை? விசாரித்தால், பதிப்பகங்கள் மின்னூலை நூலகத்துக்கு விற்பதில்லையாம், உரிமம்தான் தருகின்றன. ஒரு உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். குறிப்பிட்ட காலம் முடிந்தால் நூலகம் மறுபடியும் காசு கொடுக்க வேண்டிய உரிமங்களும் உண்டு. எங்கள் கிளை நூலகத்தில் அந்தத் தொல்லையே இல்லை, காரணம் அந்த வசதியே இல்லை. ஆனால் இங்கே ஒரு தடவை வாங்கிய புத்தகம், அட்டை போய்ப் பைண்டிங் செய்தாலும் நூலகத்துக்கே சொந்தம்.

பக்கத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஒரு பெரியவர் வந்து, "பிள்ளை, பழைய ஈழநாடு பேப்பர் பார்க்கேலுமோ?" என்று கேட்டிருக்கிறார். எழுபதுகளில் அவருடைய பள்ளி உதைபந்தாட்டத்தில் ஜெயித்தது அதில் வந்ததாம், அவர் பெயரோடு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதே நாட்களில் யாழ்ப்பாணத்து நாளிதழான ஈழநாட்டின் அலுவலகமும் எரிந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய ஆவணகம், அங்கங்கே மிஞ்சிய ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் தேடிச் சேர்த்து வலையேற்றிவருகிறது. நூலகர் அதைத் தன் போனில் திறந்து கொடுத்தார். அலுவலகக் கணினி அன்றும் படுத்திருந்தது. பெரியவர் நான்கு நாள் வந்தார், மாதம் மாதமாகத் தள்ளிப் பார்த்தார். ஐந்தாவது நாள் இருவரும் சாலையைக் கடந்து என் கடைக்கு வந்தார்கள். ஒரே ஒரு பக்கம் பிரிண்ட். அதில் அவர் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். "அப்பவே பிழை விட்டவங்கள்" என்று சிரித்தார்.

குறைகளுக்கு வருவோம், நிறையவே இருக்கின்றன. கணினிகள் மூன்று, ஓடுவது ஒன்று, அதுவும் யுபிஎஸ் பேட்டரி செத்துப்போனதால் கரண்டு போனால் படுத்துவிடும். பிரிண்டர் இல்லை (இதைச் சரிசெய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்). எந்தப் புத்தகம் உள்ளே இருக்கிறது என்று வீட்டிலிருந்து பார்க்க வழியில்லை. பதிவேடும் நூலகரின் ஞாபகமும்தான் பட்டியல். அவர் மாற்றலாகிப் போனால் அந்த ஞாபகம் கூடவே போய்விடும். ஒரே கோலப் புத்தகம் ஆறு பிரதி வந்திருக்கிறது, பிள்ளைகள் கேட்கிற அறிவியல் புத்தகம் ஒன்றுகூட வரவில்லை. கழிப்பறையில் தண்ணீர் வராத நாட்களில் பெண்பிள்ளைகள் என் கடைக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். என் மனைவி இதை எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேல், ஒரே ஒரு ஆள். திறப்பது, கூட்டுவது, செய்தித்தாளில் முத்திரை குத்துவது, இரவல் பதிவது, மேலிடத்துக்குப் புள்ளிவிவரம் அனுப்புவது எல்லாம் அவர். அந்தப் புள்ளிவிவரத்தில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நூல் இரவல் போனது என்று இரண்டு கட்டம் இருக்கிறதாம். நீர்க்கட்டிப் பெரியவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

2023 ஜூலையில் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் ஒருமுறை போய்வந்தேன். குளிர்சாதனம், நகரும் படிக்கட்டு, குழந்தைகளுக்குத் தனித் தளம், அருமையான இடம். ஆனால் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போகவர ஒரு நாள் முழுதும் போய்விடும். தினமும் இரண்டு மணி நேரம் உட்கார எதிரே இருப்பதுதான் ஆகும்.

கட்டடத்துக்கு இரண்டு நட்சத்திரம். புத்தகங்களுக்கு மூன்று. கணினிக்கு அரை, அதுவும் அந்த ஒன்று ஓடுவதற்காக. நூலகருக்கு ஐந்து, அதற்கு மேல் போட இடமில்லை.

போகிறவர்கள் சின்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போங்கள், பிளக் பாயிண்ட் இரண்டுதான். ஜன்னலோர மேசை வேண்டுமென்றால் திறக்கும்போதே போய்விட வேண்டும். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் போகாதீர்கள், விடுமுறை. அன்றைக்கு என் கடையும் ஈ ஓட்டும், வந்தால் உட்கார்ந்து பேசலாம்.